ஆறு பாட்டிலுக்குத்தான் இடம்: ஹாப்ஸ் கூடிய பெல்ஜியம் ஸ்ட்ராங் பீரில் எதை எடுத்து வரச் சொல்வது?

குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை கடற்கரையில் பல வீடுகளில் ஒருவராவது கப்பலில் இருப்பார். உள்ளே மார்த்தாண்டம், தக்கலை பக்கம் வந்தால் நர்ஸ் வேலைக்கு ஐரோப்பா போனவர்கள், வளைகுடாவில் இருப்பவர்கள். இவர்கள் லீவுக்கு வரும்போது முன்பெல்லாம் ஒரு விஸ்கி, ஒரு சென்ட் பாட்டில் என்று பட்டியல் முடிந்துவிடும். இப்போது பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் கடை அலமாரி முன்னால் நின்றுகொண்டு, "மக்கா, அந்தக் கைப்பு கூடுன ஸ்ட்ராங் பீரு கேட்டியே, இங்க நாலஞ்சு தினுசு இருக்கு, எதை எடுக்கட்டும்?" என்று போட்டோவோடு கேள்வி வருகிறது. இந்தப் பக்கம் இருப்பவருக்கும் தெரிவதில்லை. லேபிள் அழகாக இருப்பதைச் சொல்லிவிடுகிறார்.

அப்படி மாட்டிக்கொள்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தில் உட்கார்ந்து குடிப்பவருக்கு எது சிறந்தது என்பது வேறு கேள்வி, நாகர்கோவிலில் உட்கார்ந்து குடிப்பவருக்கு எது சிறந்தது என்பது வேறு கேள்வி. நமக்குப் பாட்டில் எந்த வழியாக வருகிறது, வழியில் எவ்வளவு சூடு பட்டது, வந்தபின் எப்போது திறக்கப்போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதில் மாறும்.

எதை வைத்து முடிவெடுப்பது

முதலாவது ஹாப்ஸ். இது ஒரு கொடியின் பூ, குளிர்ப்பிரதேசப் பயிர், நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்தின் லாகௌல் பக்கம் விளைகிறது. பீர் காய்ச்சும்போது இதை ஆரம்பத்திலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் அதிலுள்ள ஆல்பா அமிலங்கள் உருமாறிக் கசப்பைக் கொடுக்கும், ஆனால் மணம் ஆவியாகப் போய்விடும். மணம் வேண்டுமென்றால் கடைசியில் போட வேண்டும், அல்லது நொதித்து ஆறிய பீரில் போட்டு ஊறவைக்க வேண்டும். ரசத்தில் மிளகைக் கொதியிலும் கொத்தமல்லித்தழையை இறக்கும்போதும் போடுவோமே, அதே கணக்கு. நமக்கு முக்கியமான விஷயம், பாட்டிலில் அடைத்த பிறகு கசப்பு நின்றுகொள்ளும், மணம் நிற்காது. சூடும் காற்றும் அதைத் தின்றுவிடும். பெல்ஜியத்தில் நிலவறையில் பல மாதம் தாங்கும் மணம் நம் ஊர் சமையலறை அலமாரியில் சில வாரங்களிலேயே மங்க ஆரம்பிக்கும். வெளிச்சமும் எதிரி. ஹாப்ஸ் கசப்பில் வெயிலோ டியூப்லைட்டோ தொடர்ந்து பட்டால் ஒரு கந்தக நாற்றம் வரும். பழுப்புக் கண்ணாடி அதைப் பெருமளவு தடுக்கும், முழுதாக அல்ல.

இரண்டாவது ஈஸ்ட், அதாவது பீரை நொதிக்கவைக்கும் நுண்ணுயிர். நம் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் லாகர் வகை பீரில் ஈஸ்ட் தன் வேலையைச் செய்துவிட்டு அடையாளம் தெரியாமல் ஒதுங்கிவிடும், பெல்ஜியம் ஈஸ்ட் அப்படியில்லை, கிராம்பு வாசனையும் வாழைப்பழ வாசனையும் விட்டுவிட்டுத்தான் போகும். மாறாமலை எஸ்டேட் கிராம்பும் மட்டிப்பழமும் மூக்குக்குப் பழகிய நம் ஆட்களுக்கு இந்த இரண்டையும் யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. (நம் கிராம்புக்கு 2021-லும் மட்டிக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது, அதில் எனக்கு உண்மையாகவே பெருமை உண்டு.) ஹாப்ஸின் எலுமிச்சை, பம்ளிமாஸ் வாசனைகள் இந்த ஈஸ்ட் வாசனையோடு சேர்ந்து போகிறதா, ஒன்றையொன்று அமுக்குகிறதா என்பதுதான் இந்த வகை பீரை ருசி பார்க்கும்போது கவனிக்க வேண்டியது.

மூன்றாவது வீரியம். இந்த வகை பீர்களில் காய்ச்சும்போதே சர்க்கரை சேர்ப்பார்கள், அது ஏறக்குறைய முழுதும் நொதித்து ஆல்கஹாலாகவும் வாயுவாகவும் மாறிவிடும், இனிப்பு மிஞ்சாது. அதனால் 9 சதவீதம் இருந்தாலும் நாக்கில் லேசாகத்தான் தெரியும். 330 மி.லி. பாட்டிலில் 9 சதவீதம் என்றால் சுத்த ஆல்கஹால் ஏறத்தாழ 30 மி.லி. நம் ஊரில் கிடைக்கும் 650 மி.லி. பெரிய பாட்டில் 5 சதவீத பீரில் இருப்பது 32.5 மி.லி. அதாவது இந்தச் சின்ன பாட்டில் ஒன்று ஒரு பெரிய பாட்டிலுக்குக் கிட்டத்தட்டச் சமம். "சின்னதுதானே" என்று அடுத்தடுத்து மூன்று திறக்கும் ஆட்களை எனக்குத் தெரியும், தயவுசெய்து வேண்டாம். பைக்கில் வந்தவருக்கு ஒன்றுகூட ஊற்றாதீர்கள், சட்டப்படி ஓட்டுநரின் 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் போகக் கூடாது, இதில் ஒரு பாட்டிலே அந்த வரம்பைத் தாண்ட வைத்துவிடும்.

நான்காவது நம்ம சாப்பாடு. ஹாப்ஸ் கசப்பும் கூடுதல் ஆல்கஹாலும் மிளகாய்க் காரத்தை ஏற்றிவிடும். மீன்குழம்போடு இதைக் குடித்துவிட்டு "பீரு நல்லா இல்ல" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

பில்லில் வராத செலவுகள்

சுங்கத்தில் ஒரு பயணிக்கு 2 லிட்டர் மதுவுக்குச் சலுகை உண்டு, பீரும் ஒயினும் விஸ்கியும் எல்லாம் அதற்குள். 330 மி.லி. பாட்டில் ஆறு என்றால் 1,980 மி.லி., அச்சாகப் பொருந்தும். 750 மி.லி. பெரிய பாட்டில் என்றால் இரண்டு மட்டும், மீதி அரை லிட்டர் வீணாகிறது. அதனால் பெரிய பாட்டில் பார்க்கக் கம்பீரமாக இருந்தாலும் நமக்குச் சின்னதுதான் லாபம், வேறு வேறு தினுசும் கலந்து எடுக்கலாம். ஆனால் ஆறு பாட்டில் பீர் எடுத்தால் அந்த ஆளால் விஸ்கி கொண்டுவர முடியாது. வீட்டில் மாமாவோ பெரியப்பாவோ விஸ்கிக்குக் காத்திருந்தால் அதை முதலில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

எடை அடுத்தது. கண்ணாடியோடு சேர்த்து ஆறு பாட்டில் மூன்று கிலோவைத் தாண்டும். கைப்பையில் திரவம் விடமாட்டார்கள் என்பதால் பெட்டியில்தான் போக வேண்டும், துணிக்கு நடுவில், ஒவ்வொன்றையும் தனித்தனிக் கவரில் கட்டி. பெட்டிக்குள் ஒன்று உடைந்தால் போவது பீர் மட்டுமல்ல, பிள்ளைகளுக்கு வாங்கிய உடுப்பும் சாக்லேட்டும் சேர்ந்து போகும்.

இன்னொன்று, சுங்கச் சலுகை என்பது விமான நிலையத்தோடு முடிகிற விஷயம். திருவனந்தபுரத்தில் இறங்கிக் களியக்காவிளை தாண்டும்போது தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் தனியாக இருக்கிறது. வாங்கிய ரசீதும் பயணச்சீட்டும் கையில் இருக்கட்டும், நாலு பேருடைய பாட்டில்களை ஒரே ஆள் பெட்டியில் அடுக்க வேண்டாம். குடிப்பவருக்கு இங்கே 21 வயதும் கேரளத்தில் 23 வயதும் ஆகியிருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கடைசியாகச் சூடு. விமானத்தில் பிரச்சினை இல்லை. விமான நிலையத்திலிருந்து ஊருக்கு வரும் வழியில், நெய்யாற்றின்கரையில் டீ, மார்த்தாண்டத்தில் துணிக்கடை என்று நிறுத்தி நிறுத்தி வரும்போது டிக்கியில் பெட்டி வேகிறதே, அதுதான் பிரச்சினை. வண்டியை நிழலில் போடுங்கள், இல்லையென்றால் பெட்டியை ஏசி ஓடும் உள்பக்கம் வையுங்கள்.

ஒரே பார்வையில்

| | உப்லோன் ஷூஃப் | டூவெல் | டூவெல் டிரிப்பெல் ஹாப் சிட்ரா | வெஸ்ட்மாலே டிரிப்பெல் |
|---|---|---|---|---|
| ஆல்கஹால் | 9% | 8.5% | 9.5% | 9.5% |
| ஹாப்ஸ் மணம் | மிக அதிகம் | மிதம், பூ வாசனை | அதிகம், பழ வாசனை | மிதம், பழத்துக்குப் பின்னால் |
| கசப்பு | கூர்மை, நீளம் | சுத்தம், சீக்கிரம் முடியும் | நடுத்தரம் | மெல்ல வந்து நிற்கும் |
| வைத்துக் குடிக்கலாமா | கூடாது | கொஞ்ச காலம் | கூடாது | தாராளமாக |
| சூடு பட்டால் | நிறைய இழக்கும் | கொஞ்சம் இழக்கும் | நிறைய இழக்கும் | சமாளிக்கும் |
| எதோடு | பீஃப் வறுவல் | நெத்தோலி பொரியல் | ஏத்தங்காய் சிப்ஸ், தனியாக | கோழி வறுவல், கிறிஸ்மஸ் கேக் |

உப்லோன் ஷூஃப்

கேள்வியோடு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் மனதில் இருப்பது இதுதான், லேபிளில் குல்லா போட்ட குள்ளன். ஆர்தென் மலைப்பகுதியில் அஷூஃப் என்ற சின்ன ஊரில் 1982-இல் மச்சான்மார் இருவர் சேர்ந்து ஆரம்பித்த மதுவடிசாலை, 2006-இல் டூவெல் தயாரிக்கும் மோர்ட்காட் நிறுவனம் வாங்கிக்கொண்டது. அதே 2006-இல் வந்ததுதான் இந்த உப்லோன். பெல்ஜியம் டிரிப்பெலையும் (பொன்னிற ஸ்ட்ராங் பீர் வகை) அமெரிக்கர்களின் ஐபிஏ வகையையும் (ஹாப்ஸ் தூக்கலான பீர்) ஒரே பாட்டிலுக்குள் கொண்டுவரும் முயற்சி. டோமஹாக், சாஸ், அமரில்லோ என்று மூன்று ஹாப்ஸ்.

இதன் ருசியைப் பற்றிச் சொல்லும்போது எந்தப் பாட்டிலின் ருசி என்று கேட்க வேண்டும். தக்கலையில் எங்கள் வீட்டு வராந்தாவில் ஒரு சாயங்காலம் இதில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தோம். ஒன்று பிரசல்ஸில் நர்ஸாக இருக்கும் மைனி (அண்ணி) சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிச் சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்தது. இன்னொன்று நண்பர் ஒருவர் வெளிமாநிலப் பெருநகரக் கடையில், விளக்குப் போட்ட அலமாரியிலிருந்து, பெரிய விலை கொடுத்து வாங்கியது. இரண்டிலும் தேதி தாண்டவில்லை.

மைனி கொண்டுவந்ததை ஊற்றும்போதே, கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோகும் முன்னாலேயே மணம் வந்துவிட்டது. பம்ளிமாஸ் தோலைக் கிள்ளினால் தெறிக்கும் எண்ணெய் வாசனை முதலில், அதன் பின்னால் கசக்கிய எலுமிச்சை இலை, அப்புறம் பச்சைப் புல். நுரை வெள்ளையாக, இரண்டு விரல் உயரத்துக்கு, இறங்க மனமில்லாமல் நின்றது. நிறம் கலங்கிய பொன். வாயில் வைத்ததும் முதலில் கொஞ்சம் இனிப்பு, பிஸ்கட் மாதிரி மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), உடனே கனிந்த மட்டியும் நல்லமிளகும், அந்த இடத்தில்தான் கசப்பு எழுந்து எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு போய் நாக்கின் பின்பக்கம் உட்கார்ந்துகொள்கிறது. விழுங்கிய பிறகும் நெடுநேரம் இருக்கும். வாய் காய்ந்துபோகும், அடுத்த மிடறு தானாகக் கேட்கும். தொண்டையில் ஒரு வெதுவெதுப்பு, அதுமட்டும்தான் 9 சதவீதம் என்று ஞாபகப்படுத்துகிறது. அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு "கொள்ளாம்லே, ஆனா நல்லா கைக்குது" என்றான், அடுத்த வாய்க்குக் கிளாஸை நீட்டிக்கொண்டே.

கடையில் வாங்கியது நுரையில் குறை வைக்கவில்லை. நிறம் ஒரு பிடி கூடுதல் அடர்த்தி. மூக்கில் வைத்தால் தேன், அதற்கு அடியில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. பம்ளிமாஸும் இல்லை, எலுமிச்சை இலையும் இல்லை. குடித்தால் கசப்பு அப்படியே இருக்கிறது, மேலே மணம் இல்லாததால் அது முரட்டுக் கசப்பாகத் தெரிகிறது, இனிப்பு தனியாக, கசப்பு தனியாக, ஒட்டவில்லை. இதை மட்டும் குடித்த ஆள் "இதுக்கா இவ்வளவு விலை" என்று சொன்னால் அவர்மேல் தப்பில்லை. வீரியம் கூடிய பீர்களுக்குப் பாட்டிலில் போடும் கடைசித் தேதியை நீளமாகவே கொடுப்பார்கள், அது குடிக்கத் தகுதியானதா என்பதற்கான தேதி, ஹாப்ஸ் மணம் இருக்கிறதா என்பதற்கான தேதி அல்ல. அலமாரியில் முன்வரிசையை விட்டு, எந்தப் பாட்டிலில் தேதி மிகத் தள்ளி இருக்கிறதோ அதை எடுக்கச் சொல்லுங்கள். அங்கே நாள், மாதம், வருடம் என்று நம் வரிசைதான், குழப்பம் வராது.

ஆகவே இது யாருக்கு? ஐரோப்பாவிலிருந்து நேராக வருகிற ஆள் உங்களுக்கு இருந்தால், வந்த வாரத்திலேயே திறக்கப்போகிறீர்கள் என்றால், இதைவிட நல்லது இந்த வரிசையில் இல்லை. தேங்காய்க்கொத்து போட்டு, நல்லமிளகு தூக்கலாக, சுருள வறுத்த பீஃப் இருந்தால் அந்தக் கொழுப்பை இந்தக் கசப்பு துடைத்துவிடும். சித்திரையில் வாங்கிக் கார்த்திகைக்கு வைப்போம் என்று நினைப்பவர், கடையிலிருந்து வாங்குகிறவர், வளைகுடா வழியாக வரவழைக்கிறவர், இவர்களுக்கு இது வேண்டாம்.

டூவெல்

இதை "சாதாரணம்" என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், எங்கும் கிடைக்கிறது என்பதால். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரேன்டோங்க் ஊரில் மோர்ட்காட் குடும்பம் 1871-இல் ஆரம்பித்த இடம், முதல் உலகப் போர் முடிந்தபின் ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்த ஈஸ்டை வைத்து இந்த பீரைச் செய்தார்கள், 1923 முதல் இந்தப் பெயர். இன்று நாம் பார்க்கும் பொன்னிறம் 1970-இல்தான் வந்தது, அதற்கு முன் கறுப்பு. சாஸ், ஸ்டிரியன் கோல்டிங் என்ற இரண்டு ஐரோப்பிய ஹாப்ஸ் போடுகிறார்கள். பாட்டிலில் அடைத்த பிறகு சூடான அறையில் இரண்டு வாரம், பிறகு குளிர் அறையில் பல வாரம் என்று வைத்துத்தான் வெளியே விடுகிறார்கள், பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் மறுபடி வேலை செய்யும். அந்த வாயுதான் இதன் நுரை மலை.

மூக்கில் பேரிக்காய், கொஞ்சம் எலுமிச்சைத் தோல், காய்ந்த பூ, மிளகு. வாயில் ஊசி ஊசியாக வாயு. கசப்பு வருகிறது, சுத்தமாக முடிகிறது, அப்புறம் ஒன்றும் மிச்சமில்லை. உப்லோனைக் குடித்த வாயோடு இதைக் குடித்தால் ஹாப்ஸ் இருப்பதே தெரியாது, எனவே வரிசையில் எப்போதும் இதை முன்னால் வையுங்கள்.

நமக்கு இதன் பெரிய பலம், இதன் மணத்தில் பாதிக்கு மேல் ஈஸ்ட் கொடுத்தது. ஹாப்ஸ் கொஞ்சம் மங்கினாலும் பேரிக்காயும் மிளகும் நிற்கும். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் வாங்குவதானால் என் பரிந்துரை இதுதான், ஏனென்றால் அங்கே போகும் பாட்டில் ஏற்கெனவே ஐரோப்பாவிலிருந்து கன்டெய்னரில் ஒரு நீண்ட பயணம் செய்துவிட்டுத்தான் அலமாரிக்கு வந்திருக்கும். (சவுதியிலும் குவைத்திலும் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை.) தேங்காயெண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த நெத்தோலியோடு இதன் வாயு அபாரமாகப் போகிறது, மிளகாய்த்தூளைக் குறைத்து உப்பும் மஞ்சளும் நல்லமிளகும் மட்டும் பிசிறினால் இன்னும் நல்லது. இந்த வகைக்குப் புதிதாக வருகிறவருக்கும் முதல் பாட்டில் இதுவாக இருக்கட்டும்.

மறைமுகச் செலவு கிளாஸ்தான். சின்ன எவர்சில்வர் டம்ளரிலோ பிளாஸ்டிக் கப்பிலோ ஊற்றினால் பாதி நுரையாக வழிந்து தரையில் போகும். டூலிப் பூ வடிவக் கிளாஸ் அங்கேயே ஒன்று வாங்கி வரலாம், உடையாமல் கொண்டுவரும் கவலை தனி. வீட்டில் பெரிய வயிறுள்ள ஒயின் கிளாஸ் இருந்தால் அதுவே போதும்.

டூவெல் டிரிப்பெல் ஹாப் சிட்ரா

மேலே சொன்ன டூவெலோடு மூன்றாவதாக ஒரு ஹாப்ஸ் சேர்த்து, ஆறிய பீரிலும் ஊறப்போட்டது. முதலில் 2007-இல் ஒருமுறை செய்தார்கள், பிறகு 2012 முதல் ஒவ்வொரு வருடமும் மூன்றாவது ஹாப்ஸை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள், கடைசியில் சிட்ரா என்ற அமெரிக்க ஹாப்ஸோடு செய்ததே நிலைத்தது. 9.5 சதவீதம்.

உப்லோனுக்கும் இதற்கும் நடுவில்தான் நிறையப் பேர் திண்டாடுகிறார்கள். வித்தியாசம் சுலபம். உப்லோனில் தோல், இலை, புல். இதில் பழம்: மாங்காய்க்கும் மாம்பழத்துக்கும் நடுப்பட்ட ஒரு மணம், கைதச்சக்கை (அன்னாசி), பம்ளிமாஸ் சுளை. கசப்பு உப்லோன் அளவு நீளாது. கசப்பே பிடிக்காத, ஆனால் புதிதாக ஏதாவது பார்க்க ஆசைப்படுகிற ஆள் உங்கள் கூட்டத்தில் இருந்தால் அவருக்கு இது பிடிக்கும். எனக்கு இதில் ஒரு குறை உண்டு, சிட்ரா முன்னால் வந்து நிற்பதால் டூவெல் ஈஸ்டின் பேரிக்காய் பின்னுக்குப் போய்விடுகிறது, இரண்டு நல்ல விஷயங்களில் ஒன்றை இழந்த உணர்வு.

புதிதாக இருந்தால்தான் இதற்கு மரியாதை. பழைய பாட்டிலில் பழமும் போய், பேரிக்காயும் தெரியாமல், வெறும் வீரியம் மிஞ்சும். காரமில்லாத ஏத்தங்காய் சிப்ஸ் ஒரு கிண்ணம் போதும், வேறு சாப்பாடு வேண்டாம்.

வெஸ்ட்மாலே டிரிப்பெல்

ஆன்ட்வெர்ப் மாகாணத்தில் டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்க சபைத் துறவிகளின் மடம், மடத்துச் சுவருக்குள்ளேயே காய்ச்சுகிறார்கள், வருமானம் மடத்தின் பராமரிப்புக்கும் தர்ம காரியங்களுக்கும். 1934-இல் வந்த பீர், 1956-இல் ஹாப்ஸைக் கூட்டி இப்போதுள்ள செய்முறைக்கு வந்தது. இன்று உலகத்தில் டிரிப்பெல் என்று போடும் பலரும் இதைப் பார்த்துத்தான் செய்கிறார்கள்.

ஹாப்ஸ் கூடியது என்று கேட்டவருக்கு இதை ஏன் சொல்கிறேன் என்றால், இதில் கசப்பு குறைவில்லை, அது முன்னால் வருவதில்லை. முதலில் கனிந்த வாழைப்பழம், ஆரஞ்சுத் தோல், கிராம்பு. நடுவில் தேன் சாயலுள்ள மால்ட். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது கசப்பு மெல்ல ஏறி வந்து வாயைக் காயவைக்கிறது. ஒரு பாட்டிலை ஒரு மணி நேரம் வைத்துக் குடிக்கலாம், குளிர் குறையக் குறைய ருசி விரிகிறது. கடைசிக் கால் கிளாஸ்தான் எனக்கு எப்போதும் பிடித்தது.

இதன் பலம் பொறுமை. டிசம்பர் வரை வைக்க வேண்டுமா, வையுங்கள். இருட்டான, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில், நிற்க வைத்து. ஹாப்ஸ் கொஞ்சம் தணிந்து தேன் கொஞ்சம் ஏறும், இந்த பீரில் அது குறையாகத் தெரியாது. கிறிஸ்மஸ் இரவு ஆராதனை முடிந்து வந்து கோழி வறுவலும் பிளம் கேக்கும் வைக்கும் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. முந்திரிக்கொத்தோடும் குடித்துப் பார்த்திருக்கிறேன், பாசிப்பயறு வறுத்த வாசனையும் வெல்லமும் இதன் மால்ட்டோடு நன்றாகச் சேர்கிறது.

கசப்பு முகத்தில் அடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு இது ஏமாற்றம் தரும். இனிப்பு ஈஸ்ட் வாசனையே பிடிக்காதவருக்கும்.

ஓர்வால், தனியாக

6.2 சதவீதம், எனவே ஸ்ட்ராங் கணக்கில் சேராது, அட்டவணையில் போடவில்லை. ஆனாலும் ஹாப்ஸ் பிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இதுவும் டிராப்பிஸ்ட் மடம்தான், ஹாப்ஸை ஊறப்போட்டுச் செய்கிறார்கள், அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்டையும் விடுகிறார்கள். புதிதில் ஹாப்ஸ் மணமும் கசப்பும் முன்னால் நிற்கும். மாதங்கள் போகப் போக அது தணிந்து, தோல், வைக்கோல் வாசனை வரும், மாறி மாறி வருவதுதான் இதன் அழகு. லேபிளிலேயே அடைத்த தேதி போட்டிருப்பதால் வயது பார்த்து வாங்கலாம். முதல்முறை குடிப்பவர் "கெட்டுப்போச்சு" என்று கீழே ஊற்றிவிடும் அபாயம் உண்டு, ஆகவே ஆள் பார்த்துக் கொடுங்கள்.

நான் எடுத்து வரச் சொல்வது

ஐரோப்பாவிலிருந்து நேராக வருகிறவர் என்றால் உப்லோன் இரண்டு, டூவெல் இரண்டு, வெஸ்ட்மாலே இரண்டு. சிட்ரா வேண்டுமென்றால் டூவெலில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். வளைகுடாவிலிருந்து வருகிறவர் என்றால் டூவெல் நாலு, கிடைத்தால் வெஸ்ட்மாலே இரண்டு, உப்லோன் கண்ணில் பட்டாலும் தேதி பார்க்காமல் தொட வேண்டாம். நம் நாட்டுக் கடையில் வாங்குவதானால் வரிக்கு மேல் வரி ஏறிய விலை, அந்த விலைக்கு மணம் போன உப்லோனை வாங்குவது கொடுமை, டூவெலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெங்களூர் போகும் வேலை இருக்கிறவர்கள் அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் மைக்ரோபுரூவரிகளில் பெல்ஜியம் வகை ஏதாவது ஓடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள், பெயர் பெரிதாக இல்லாவிட்டாலும் புதிது என்பதால் பல நேரம் அதுவே ஜெயிக்கும்.

பாட்டில்கள் வந்ததும் ஃபிரிட்ஜில் படுக்கவைக்காமல் நிற்க வைத்து ஒரு முழுநாளாவது விடுங்கள். வழியில் குலுங்கியதைச் சூட்டோடு திறந்தால் நுரை கூரைக்குப் போகும், அடியில் படிந்திருக்கும் ஈஸ்டும் கலங்கிவிடும். ஃப்ரீசரில் வைத்து ஐஸாக்கிக் குடித்தால் இதில் செலவழித்த பணம் அத்தனையும் மூக்குக்குத் தெரியாமல் போய்விடும், எடுத்து வெளியே வைத்துக் கால் மணி நேரம் கழித்து ஊற்றினால் சரியாக இருக்கும். கிளாஸைச் சாய்த்து மெதுவாக ஊற்றி, அடியில் ஒரு விரல் அளவு விட்டுவிடுங்கள். ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பாட்டிலைப் பங்கிட்டு, டூவெல், வெஸ்ட்மாலே, சிட்ரா, உப்லோன் என்ற வரிசையில் போங்கள். நடுநடுவே தண்ணீரும் உப்பில்லாத அவித்த மரச்சீனியும் வைத்துக்கொள்ளுங்கள், மீன்கறியை அது முடிந்த பிறகு அடுப்பில் ஏற்றினால் போதும்.